பொருள்: ‘இறந்த பிக்சல்’ – இதற்கு வேறு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மானிட்டர் வாங்குவோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அளவு, விலை, எச்டிஎம்ஐ போர்ட் பற்றியெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். ‘நம்பி வாங்கலாமா’ என்ற பகுதிக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். திரையில் படத்தை உருவாக்கும் நுண்ணிய புள்ளிதான் பிக்சல். அது பழுதானால் சொல்வதற்கு நம்மிடம் இருப்பது ‘இறந்த பிக்சல்’ என்ற ஒரே சொல். எல்லாப் பழுதுக்கும் அதையே எழுதுகிறார்கள்.

பழுது இரண்டு வகை. எந்தப் படம் போட்டாலும் ஒளி வராமல் கிடப்பது ஒன்று. முழுக் கறுப்பு போட்டாலும் அணையாமல் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ, சில சமயம் வெள்ளையாகவோ எரிந்துகொண்டே இருப்பது இன்னொன்று. வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் உத்தரவாதத்தில் இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள், எப்போதும் ஒரே விதி இருக்காது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2001இல் கொண்டுவந்த 13406-2 என்ற தரம், எத்தனை பழுது வரை இருக்கலாம் என்பதை வைத்துத் திரைகளை வகுப்புகளாகப் பிரித்தது. அதன் இரண்டாம் வகுப்பைப் பாருங்கள். 10 லட்சம் புள்ளிக்கு, எப்போதும் எரிபவை 2, எப்போதும் இருண்டவை 2, புள்ளிக்கு உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரு நிறம் மட்டும் பழுதானவை 5 வரை இருக்கலாம். முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். அப்படியானால் நான்கு இருண்ட புள்ளி உள்ள திரையும் அந்தக் கணக்கில் ‘நல்ல’ திரைதான்! 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. வகுப்பு பிரிக்கும் முறை தொடர்கிறது. டெல் நிறுவனம் சில வரிசைகளுக்கு, எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாக அறிவித்திருக்கிறது. இருண்ட புள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. ‘இறந்த பிக்சல்’ என்று மட்டும் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் எதைக் காட்டி என்ன கேட்பார்?

இருட்புள்ளி, ஒளிப்புள்ளி என்று வைக்கலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

(போன வாரம் ஒருவர் மானிட்டருக்கே ‘கண்காணி’ என்று எழுதியிருந்தார். இலங்கை மலையகத் தோட்டங்களில் கங்காணி என்றால் கூலியாட்களை மேய்ப்பவர் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அதைப் பேசலாம்.)

*

தம்பி, நல்ல கேள்வி.

கோவையில் மானிட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. இருட்புள்ளி, ஒளிப்புள்ளி இரண்டும் கேட்க அழகு, ஆனால் மேசையில் வைத்துப் பார்த்தால் நிற்காது.

உங்கள் போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். வெள்ளை மறைந்து சிவப்பு, பச்சை, நீலம் பிரிந்து தெரியும். மானிட்டரிலும் அப்படித்தான். 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.27 மில்லிமீட்டர், அதற்குள் மூன்று நிறமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பெரும்பாலும் பழுதாவது அந்த மூன்றில் ஒன்றுதான்.

இப்போது சிவப்பு மட்டும் எரியவில்லை என்று வையுங்கள். வெள்ளைத் திரையில் அந்த இடம் பசுநீலமாகத் தெரியும், இருட்டாகத் தெரியாது. சிவப்புத் திரை போட்டால்தான் கறுப்பு. கறுப்புத் திரையில் பழுதே தெரியாது. மறுபக்கம், பச்சை அணையாமல் நின்றுவிட்டால் கறுப்பில் பச்சை, சிவப்பில் மஞ்சள், வெள்ளையில் ஒன்றுமே இல்லை. அப்புறம் எதை இருட்டு என்பது, எதை ஒளி என்பது? கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை வைத்துப் பெயரிட்டால் பின்னால் ஓடும் படத்துக்கு ஏற்ப பெயரும் மாறிக்கொண்டிருக்கும்.

எரியாததற்கு ‘பட்ட புள்ளி’. மரம் பட்டுப்போச்சு என்கிறோமே, அந்தப் பட்ட. அணையாததற்கு ‘அணையாப் புள்ளி’. பட்ட மரம் தளிர்க்காது என்பதும் இங்கே பொருந்துகிறது. அணையாதது சில நேரம் தானாகவே சரியாகும். நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி ஓட்டினால் விடுபடுவதும் உண்டு, உறுதி சொல்ல முடியாது. எரியாதது திரும்பி வந்து நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

*

ஐயா, அணையாப் புள்ளிக்கு என் முழு ஆதரவு. ‘பட்ட’ என்பதில்தான் சிக்கல்.

பட்டது எது? ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் இருக்கும் சிறு மின்சுவிட்சான டிரான்சிஸ்டர் என்றால், ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி பேனலில் நீங்கள் சொல்வது சரி. மின்னழுத்தம் வராத இடத்தில் திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் பின்னால் எரியும் விளக்கின் ஒளியை மறிக்கும், புள்ளி இருளும். டிஎன் என்ற பழைய வகைப் பேனலில் இது தலைகீழ். மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஒளி நேரே கடந்து வரும். அங்கே டிரான்சிஸ்டர் செத்தால் புள்ளி எரியும்! பட்டதே அணையாததும் ஆகிவிடும். ஆகவே தெரிகிற நிறமும் வேண்டாம், உள்ளே செத்தது எது என்பதும் வேண்டாம். ஒளி சொன்னபடி கேட்கிறதா, அதை மட்டும் வைத்துப் பெயரிடுவோம்.

நான் யாழ்ப்பாணத்தான். விளக்கு அணைந்தால் எங்கள் ஊரில் நூர்ந்தது என்போம். லைட்டை நூருங்கோ என்று வீட்டில் தினமும் கேட்கிற சொல். ‘நூர்ந்த புள்ளி’ என்றால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் சென்னையில் எத்தனை பேருக்குப் புரியும்? எனவே அணைந்தது என்ற அதே பொருளில் ‘அவிந்த புள்ளி’. அவிந்த என்றால் முட்டை நினைவு வருமே என்று யாராவது கேட்பீர்கள். வரட்டும், திரையில் யாரும் முட்டை அவிப்பதில்லை.

‘அணைந்த புள்ளி’ வேண்டாம். அணைந்த, அணையா என்று போனில் கடைக்காரரிடம் சொன்னால் பாதி காதில் விழாது.

*

இருவருக்கும் நன்றி. அவிந்த புள்ளி, அணையாப் புள்ளி என்றே எடுத்துக்கொள்கிறேன். பிக்சலை ‘புள்ளி’ என்று மட்டும் விடலாமா, ‘படப்புள்ளி’ என்று முழுதாக எழுத வேண்டுமா என்றால், முதல் முறை படப்புள்ளி, பிறகு புள்ளி. பிக்சலுக்குப் ‘படவணு’ என்று சொல்ல விரும்புகிறவர்கள் மன்னிக்கவும், அதைத் தனியாகப் பேசலாம்.

கையேட்டில் இப்படி வரும்:

“பெட்டி பிரித்த அன்றே, திருப்பித் தரும் கெடு முடிவதற்கு முன், அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முதலில் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், தூசியைப் பழுதென்று நினைத்துவிடக் கூடாது. கறுப்பில் மின்னுவது அணையாப் புள்ளி. மற்ற நிறங்களில், எரிய வேண்டிய நிறம் எரியாமல் கறுப்பாகவோ நிறம் குறைந்தோ தெரிவது அவிந்த புள்ளி. ஒரு நிறத்தில் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வாங்கும் முன்பே உத்தரவாத அட்டையில் இரண்டுக்கும் என்ன வரம்பு என்று கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள்.”

அடுத்த பத்தியில் கறுப்புத் திரையின் மூலைகளில் தெரியும் வெளிச்சம். தலையை நகர்த்தினாலும் அதே இடத்தில் நிற்பதைப் ‘பின்னொளிக் கசிவு’ என்கிறேன், அதில் யாருக்கும் சண்டை இருக்காது. ஐபிஎஸ் திரையில் பார்க்கும் கோணம் மாறினால் கூடிக் குறையும் வெளிச்சம் பழுதல்ல, அந்த வகைத் திரையின் குணம். அதற்குக் ‘கோண வெளுப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். வெளுப்பு என்றால் சலவை நினைவு வருகிறது என்று என் தங்கை இப்போதே சொல்லிவிட்டாள். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது.