பத்து தலைப்பில் எதை முதலில் எடுப்பது? தனிப்பட்ட வேதபாடத்துக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி: பாறசாலைப் பயணி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீடு பாறசாலை பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். ஆலயத்தில் ஆராதனை மலையாளம், வீட்டில் குடும்ப ஜெபம் தமிழ். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று ஒரு வருஷத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி படிக்கிறேன். படிப்பு ஓடுகிறது, குணத்தில் ஒன்றும் அசையவில்லை. அதனால் குறிப்பிட்ட சில பகுதிகளை ஆழமாகப் படிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன்: ஜெபம், கோபம், பணம், விசுவாசம், பரிசுத்த ஆவியானவர், கடைசிக் காலம், பிள்ளை வளர்ப்பு, மன்னிப்பு, ஊழியம், உபவாசம்.

இதில் எதை முதலில் எடுப்பது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது? தலைப்பு வாரியாகப் படிப்பதா, ஒரு புத்தகத்தை எடுத்துப் படிப்பதா? வசனத்தை எந்த மொழியில் மனப்பாடம் செய்வது? காலையில் வீட்டில் இருபது நிமிஷம்தான் கிடைக்கும். ரயிலில் போக வர நேரம் உண்டு, ஆனால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம்.

பதில்: குழித்துறை வேதபாடம்

தம்பி, பட்டியலில் பாதி உங்களுக்குப் பிடித்த தலைப்பு, பாதி உங்களுக்குத் தேவையான தலைப்பு. முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

தேர்வை ஒரே நாளில் செய்யாதீர்கள். இரண்டு வாரம், ராத்திரி படுக்கும் முன் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று எங்கே தவறினேன், எதைச் செய்யாமல் தட்டிக்கழித்தேன். வசனமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பதினான்காம் நாள் திரும்பப் படித்தால் ஒரே விஷயம் பல தடவை வந்திருப்பது தெரியும். பிறகு வீட்டாரிடம் கேளுங்கள், “என்னிடம் ஒன்று மாற வேண்டுமென்றால் எது?” என்று. இரண்டும் ஒத்துப்போனால் அதுதான் தலைப்பு. ஒத்துப்போகாவிட்டால் வீட்டார் சொன்னதை எடுங்கள். கூட இருப்பவர்களுக்கு நம் குறை நம்மைவிடத் தெளிவாகத் தெரியும்.

சரிபார்க்க லூக்கா 2:52 உதவும். இயேசு ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் விருத்தியடைந்தார் என்று நான்கு பக்கம் சொல்லியிருக்கிறது. உங்கள் பத்து தலைப்பையும் இந்த நான்கின் கீழ் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தேவகிருபையின் பக்கம் நிறைந்து வழியும். சரீரத்தைப் பற்றியும் அக்கம்பக்கத்தாரோடு உள்ள உறவைப் பற்றியும் ஒன்றிரண்டுதான் இருக்கும். காலியாகக் கிடக்கிற பக்கத்தைக் கவனியுங்கள்.

அடுத்து, தலைப்பைச் சுருக்குங்கள். பலர் தவறுவது இங்கேதான். ‘கோபம்’ என்று வைத்தால் ஆதியாகமம் 4-ல் காயீனிலிருந்து யோனா 4 வரை போய் எங்கும் நிற்காது. ‘வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்தில் பிள்ளைகள்மேல் வரும் கோபம்’ என்று வைத்தால் பதில் தேட முடியும், மூன்று மாதம் கழித்து மாறியதா இல்லையா என்று பார்க்கவும் முடியும்.

காலம் பன்னிரண்டு வாரம். அதற்குக் குறைந்தால் பழக்கம் பிடிக்காது, கூடினால் சலிப்பு வரும். வருஷத்துக்கு நான்கு பகுதி போதும். ஜனவரி 1-ல் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிறிஸ்துமஸ் அலைச்சலும் கன்வென்ஷன் கூட்டங்களும் சேர்ந்து இரண்டாம் வாரத்திலேயே முறிந்துபோகும். பள்ளி திறந்து வீடு ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு, ஜூன் நடுவில் தொடங்கினால் நிலைத்து நிற்கும். லெந்து நாட்களும் நல்ல காலம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள். அதற்கு ஏழு மனந்திரும்புதல் சங்கீதங்கள் (6, 32, 38, 51, 102, 130, 143) அளவாகப் பொருந்தும்.

இப்போது நடக்கிற அட்டவணையை முழுதாக விட்டுவிடாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1189 அதிகாரம். ஆழமான படிப்போடு சேர்த்து அதை இழுப்பது கஷ்டம். புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு வருஷத்தில் முடியும். அந்த ஒரு அதிகாரத்தை ரயிலில் நின்றபடியே போனில் கேட்டுவிடலாம். காலை இருபது நிமிஷம் தேர்ந்தெடுத்த பகுதிக்கே.

பதில்: நெய்யாற்றங்கரை வாசகர்

மேலே சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. தலைப்பைச் சுருக்கச் சொன்னது சரி. ஆனால் தலைப்பு கிடைத்ததும் எல்லாரும் ஒத்தவாக்கிய அகராதியைத் திறந்து அந்தச் சொல் வருகிற வசனங்களை அள்ளி நோட்டில் எழுதுவார்கள். அப்படிச் சேர்த்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, பேசுகிறவர் யார் என்று பார்ப்பதில்லை.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்தமாக நிறையப் பேர் கைக்கு வரும் யோபு 8:7-ஐப் பாருங்கள், “உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்.” பேசுகிறவன் யோபுவின் மூன்று சிநேகிதரில் ஒருவனான பில்தாத். நீ சுத்தமாயிருந்தால்தான் இது நடக்கும் என்று யோபுவைக் குற்றப்படுத்துகிற பேச்சின் நடுவில் வருகிறது. 42:7-ல் எலிப்பாசும் அவனுடைய இரண்டு சிநேகிதரும் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்கிறார். இதைத் தெரியாமல் ‘வளர்ச்சி’ என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்தால், யோபுவைக் காயப்படுத்தின உபதேசத்தையே நாம் கற்றுக்கொள்கிறோம்.

ஆகவே முதுகெலும்பு ஒரு புத்தகமாக இருக்கட்டும், தலைப்பு அதன்மேல் ஏறட்டும். கோபம், நாவு, வீட்டுச் சண்டை இவற்றுக்கு யாக்கோபு நிருபம். 5 அதிகாரம், 108 வசனம். சத்தமாக வாசித்தால் ஒரே அமர்வில் முடியும். முதல் வாரம் தினமும் முழு நிருபத்தையும் வாசியுங்கள், எதையும் எழுத வேண்டாம். இரண்டாம் வாரம் முதல் பதினோராம் வாரம் வரை வாரத்துக்கு ஒரு பகுதி: 1:1–18, 1:19–27, 2:1–13, 2:14–26, 3:1–12, 3:13–18, 4:1–12, 4:13–5:6, 5:7–12, 5:13–20. கடைசி வாரம் திரும்பவும் முழுதாக.

வாரத்துக்குள் நாட்களையும் பிரித்துக்கொள்ளலாம். திங்கள், செவ்வாய் வாசித்து, யார் யாருக்கு எதற்காகச் சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். புதன், வியாழன் ஒத்தவாக்கியம் தேடுங்கள், நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். 1:19–20 வாசிக்கிற வாரத்தில் நீதிமொழிகள் 14:29, 15:1, 16:32, 19:11 இவ்வளவு போதும். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு செய்கையை எழுதுங்கள். “பொறுமையாக இருப்பேன்” என்பது செய்கை அல்ல. “வீட்டுக்குள் நுழைந்ததும் கைகால் கழுவி உட்கார்ந்த பிறகே பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பேன்” என்பது செய்கை. சனிக்கிழமை அது நடந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கெல்லாம் வைத்துக்கொண்டு பிலிப்பியர் 2:12-ஐ மட்டும் பிடித்து 13-ஐ விட்டுவிட்டால், நான்காம் வாரம் தோற்கும்போது மனம் உடைந்துவிடும். பிரயாசப்படுங்கள் என்று சொன்ன அதே மூச்சில், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று பவுல் சொல்கிறார். தினமும் நோட்டைத் திறக்கும் முன் அவரிடம் கேளுங்கள். தோற்ற நாளில் நோட்டை மூடி வைக்காமல் சங்கீதம் 32-ஐ வாசித்து, அறிக்கை செய்து, மறுநாள் அதே பகுதியில் தொடருங்கள்.

பதில்: களியக்காவிளை சிஸ்டர்

மொழிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நீங்கள் தனியாக எந்த மொழியில் ஜெபிக்கிறீர்களோ அந்த மொழியில் மனப்பாடம் செய்யுங்கள், பிரதர். கோபம் ஏறுகிற நேரத்தில் அந்த வசனம்தான் வாயில் வரும். அர்த்தம் புரிய மலையாள வேதபுஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நாம் வீட்டில் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தின் நடை 19-ம் நூற்றாண்டுடையது. சில வரிகள் மலையாளத்திலோ 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பிலோ சட்டென்று விளங்கும். தேடும்போது பெயர் மட்டும் கவனம்: சங்கீதம் மலையாளத்தில் சங்கீர்த்தனங்கள், நீதிமொழிகள் சதிருசவாக்கியங்கள்.

வாரம் ஒரு வசனத்துக்கு மேல் வேண்டாம். அந்த வாரம் தினமும், அடுத்த ஒரு மாதம் வாரம் ஒரு முறை, அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். வசன எண்ணை முன்னும் பின்னும் இரண்டு தடவை சொல்லுங்கள், இல்லாவிட்டால் வசனம் நிற்கும், இடம் மறந்துபோகும்.

தனியாகப் படித்தால் சனிக்கிழமைக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர். வாரம் பத்து நிமிஷம் போனில் பேசினால் போதும். யாக்கோபு 5:16 சொல்வதும் இதுதான். ஆனால் ஆளைப் பார்த்து எடுங்கள். நீங்கள் சொன்னது அடுத்த வீட்டுக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாக வந்துவிட்டால் அதன்பின் நீங்கள் உண்மை பேச மாட்டீர்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறை

பணம் என்ற தலைப்பை அடுத்த மூன்று மாதத்துக்கு வையுங்கள், விட்டுவிடாதீர்கள். எல்லையோர வீடுகளில் சிட்டி (சீட்டு), கூட்டுறவு வங்கிக் கடன், சொந்தக்காரனுக்கு ஜாமீன் கையெழுத்து எல்லாம் உண்டு. வேதபாடத்தில் இதை யாரும் எடுப்பதில்லை. பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் 6:1–5, 22:26–27. கடனைப் பற்றி 22:7. முதுகெலும்புக்கு லூக்கா 12:13–34, 1 தீமோத்தேயு 6:6–19, 2 கொரிந்தியர் 8, 9. தொடங்கும் முன் ஒரு மாதச் செலவை அப்படியே எழுதி வைக்கவும். அந்தத் தாள் இல்லாமல் படித்தால் காணிக்கையைப் பற்றின படிப்பாக மட்டும் முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: பாறசாலைப் பயணி

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் கேட்டாகிவிட்டது, கோபம்தான் என்று யோசிக்காமல் சொன்னாள். யாக்கோபுவையே எடுக்கிறேன். ஒரு சந்தேகம்: 4:13–5:6 என்று அதிகாரத்தைத் தாண்டிப் பகுதி போட்டிருக்கிறீர்களே, தவறுதலா? கோபத்தைப் பற்றி ஒன்றும் இல்லாத அந்த வாரத்தை விட்டுவிடலாமா?

பதில்: நெய்யாற்றங்கரை வாசகர்

தவறுதல் இல்லை. 4:13-ம் 5:1-ம் “கேளுங்கள்” என்ற ஒரே தொனியில் தொடங்குகின்றன. முதலில் லாபக் கணக்குப் போடுகிற வியாபாரிகள், அடுத்து கூலியைப் பிடித்து வைக்கிற ஐசுவரியவான்கள். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது, பேச்சு அங்கே முறியவில்லை.

அந்த வாரத்தை விடாதீர்கள். 4:1-ல் சண்டைகள் எதினாலே வருகிறது என்று கேட்டு, உள்ளே போர்செய்கிற இச்சைகளினால் என்கிறார். 4:13-ல் அந்த இச்சை நாளையைப் பற்றின திட்டமாக வருகிறது. சாயங்காலம் வீட்டில் இப்படி நடக்க வேண்டும் என்று நீங்களே ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வந்து, பிள்ளைகள் அதைக் கலைக்கும்போதுதான் கோபம் வருகிறதா என்று அந்த வாரத்தில் பாருங்கள். அந்த வார மனப்பாடத்துக்கு 4:15.