புதுப்பிப்பு: வெறும் தொட்டி ஏன் 'நிறைந்துவிட்டது' என்றது

சென்ற வாரம் இங்கே உதவி கேட்டிருந்தேன். திருகோணமலை நகர நிர்வாகத்தின் அனுசரணையில் நடந்த ஹேக்கத்தானுக்கு (குறுகிய நேரத்தில் தொழில்நுட்பத் தீர்வு உருவாக்கும் போட்டி) நாங்கள் செய்த குப்பைத்தொட்டி, பாதிகூட நிரம்பாதபோதே 'நிறைந்துவிட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பியது. உப்புக்காற்றில், தொட்டி எவ்வளவு நிரம்பியது என்று அளக்கும் உணரி (சென்சர்) கெட்டிருக்கும் என்றே பெரும்பாலானோர் சொன்னீர்கள். நானும் நம்பி இரண்டு உணரிகளை மாற்றினேன், செலவுதான் மிச்சம்.

குற்றவாளி மான்! பிரெட்றிக் கோட்டைப் பக்கம் ஒரு மாலை முழுவதும் காவல் இருந்தோம். புள்ளிமான் ஒன்று நிதானமாக வந்து, கழுத்துவரை தலையைத் தொட்டிக்குள் விட்டு, சோறு ஒட்டிய பொலித்தீன் பையைக் கவ்வி இழுத்தது. விளிம்பில் இருக்கும் மீயொலி உணரி, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. அதற்குக் குப்பையும் ஒன்றுதான், மான் தலையும் ஒன்றுதான்.

இப்போது ஒற்றை அளவீட்டை நம்புவதில்லை. அரைமணி நேர அளவீடுகளின் இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, எடுக்கிறோம். வெப்பத்தைக் கவனிக்கச் சொன்னவருக்கும் நன்றி. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், 30 பாகையில் 349. ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அது இரண்டு சென்ரிமீற்றர் பிழைகூட இல்லை.

பரிசு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நடுவர் ஒருவர், "தொட்டிக்கு ஒரு மூடி போட்டிருக்கலாமே, தம்பி" என்றார். மூடியை இரும்புப் பட்டறையில் செய்யக் கொடுத்திருக்கிறேன்.