ஃபயர்வோல், சான்ட்பொக்ஸ்: எதைப் போட்டீர்கள், என்ன நடந்தது?

வெள்ளவத்தையிலிருந்து

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், விசா படிவம், பாஸ்போர்ட் படம் எல்லாம் செய்வோம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பென் டிரைவ் என் கொம்பியூட்டரில் ஏறி இறங்கும், எது எங்கே கிடந்துவிட்டு வருகிறது என்று யாரிடமும் கேட்க முடியாது. அதே கொம்பியூட்டரில்தான் சனங்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நான் போட்டது, எந்தப் புரோகிராம் இணையத்துக்குப் போக முயன்றாலும் நிறுத்திவைத்துக் கேட்கும் ஓர் இலவச ஃபயர்வோல், அதாவது கொம்பியூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் காவல்காரன். பெயர் வேண்டாம், அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. விண்டோஸோடு வரும் ஃபயர்வோல் வெளியிலிருந்து கேட்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும், ஆனால் உள்ளிருந்து வெளியே போவதைத் தானாக விட்டுவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இதைத் தேடிப் போட்டேன். பிழை எங்கே என்றால், கடையில் நான் மட்டும் இல்லை. உதவிக்கு நிற்கும் பிள்ளைக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள், ஒருவர் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று அந்தரப்படுவார், அந்த நேரத்தில் திரையின் மூலையில் ஒரு பெட்டி வந்து, 'எஸ்விசி ஹோஸ்ட்' (விண்டோஸின் உள் வேலைக்கு ஓடும் புரோகிராம்) இந்த முகவரிக்குப் போகப் பார்க்கிறது, விடவா என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? 'அலவ்' என்று அழுத்துவாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மூன்று மாதம் கழித்து ஒரு போயா தினத்தில் கடையைப் பூட்டிவிட்டு அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். இறங்கி இறங்கிப் போனது. நடுவில், தற்காலிக பைல்கள் கிடக்கும் டெம்ப் போல்டருக்குள் இருந்து ஓடிய, எழுத்தும் இலக்கமும் கலந்த பெயருள்ள ஒரு பைல், எங்கும் போகலாம் என்ற முழு அனுமதியோடு இருந்தது. அது எதை அனுப்பியது, எத்தனை நாளாக அனுப்பியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அன்று இரவு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகு, ஒரு ஃபயர்வோல் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்பதை விட, எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். இப்போது டைனிவோல். விண்டோஸ் ஃபயர்வோலோடு சேர்ந்தே ஓடும் சின்ன இலவச மென்பொருள். பெட்டியே வராது. நான் அனுமதித்தது போகும், மற்றது சத்தமில்லாமல் நின்றுவிடும். அமைப்பை மாற்றக் கடவுச்சொல் போடலாம், அது என்னிடம் மட்டும் இருக்கிறது. முதல் இரண்டு நாளும் இது ஓடவில்லை, அது ஓடவில்லை என்று தலைவலிதான், நியாயமான புரோகிராம்களை எல்லாம் பட்டியலில் சேர்த்த பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

அப்புறம் சான்ட்பொக்ஸ், அதாவது நம்பிக்கையில்லாத புரோகிராமை ஒரு தனிப் பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஓட்டும் ஏற்பாடு, அது எழுதுவதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே நிற்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய என் கொம்பியூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோம். 2019 இல் வந்த விண்டோஸ் சான்ட்பொக்ஸ் புரோ, என்டர்பிரைஸ், எடியுகேஷன் பதிப்புகளில் மட்டும்தான் உண்டு, ஹோமில் இல்லை. அதனால் சான்ட்பொக்ஸி பிளஸ் போட்டேன். பழைய மென்பொருள், கை மாறிக் கை மாறிக் கடைசியில் 2020 இல் திறந்த மூலமாக விட்டார்கள். யார் பென் டிரைவ் தந்தாலும், சான்ட்பொக்ஸுக்குள் ஓடும் எக்ஸ்ப்ளோரரில்தான் திறப்பேன், ஜன்னலைச் சுற்றி மஞ்சள் கரை தெரியும். போன மாதம் ஒரு அம்மா மகனின் பென் டிரைவைக் கொண்டுவந்தார். திறந்தால் எல்லாப் போல்டரிலும் மூலையில் சின்ன அம்புக்குறி. உண்மையான போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழி பைல்களை வைத்திருக்கும் பழைய வைரஸ்தான். ஒன்றை அழுத்தினால் போல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஓடினாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடும். பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் துடைத்தேன், முடிந்தது.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இது எனக்கும் பிந்தித்தான் தெரிந்தது. சாதாரண பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் உங்கள் வட்டில் எழுத முடியாது, ஆனால் வாசிக்க முடியும். இணையத்துக்கும் போக முடியும். என் ஸ்கேன் போல்டரை வாசித்து வெளியே அனுப்ப அது போதுமே! அதனால் பெட்டியின் அமைப்பில் இணையத்தை மூடினேன், ஸ்கேன் போல்டரையும் அதன் கண்ணில் படாமல் செய்தேன். இதைச் செய்யாமல் சான்ட்பொக்ஸ் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

தெஹிவளையிலிருந்து

அண்ணா, நான் போர்டிங்கில் இருக்கிறேன், ஆறு பேருக்கு ஒரே வைஃபை. புது மென்பொருள் எதுவும் போடவில்லை, ஒரேயொரு அமைப்பைத்தான் மாற்றினேன். வைஃபையில் சேர்ந்தபோது விண்டோஸில் அதை 'பிரைவேட்' (நம்பகமான இணைப்பு) என்று விட்டிருந்தேன், பக்கத்து அறைத் தம்பியின் லப்டொப்பிலிருந்து என் பகிர்ந்த போல்டர் அப்படியே தெரிந்தது. 'பப்ளிக்' (பொது இடத்து இணைப்பு) என்று மாற்றியதும் மறைந்துவிட்டது. சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2017 மே மாதம், பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் பரவியது யாரும் எதையும் அழுத்தியதால் இல்லை. பைல் பகிரும் 445 ஆம் போர்ட் (கொம்பியூட்டரின் இணைப்பு வாசல்களில் ஒன்று) திறந்திருந்த, அப்டேட் போடாத கொம்பியூட்டர்களுக்குள் அது தானாகத் தாவியது. போர்டிங் வைஃபையும் தெரு மாதிரித்தான், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நம்பித் திறந்து வைக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. தெரியாத புரோகிராம் எதுவானாலும் தானாகவே பெட்டிக்குள் போட்டு ஓட்டும் ஒரு பாதுகாப்பு மென்பொருள் போட்டிருந்தேன். எங்கள் கணக்கு மென்பொருள் உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்தது, அதை யாருக்குத் தெரியும்? பேசாமல் பெட்டிக்குள் போட்டுவிட்டது. ஜன்னலைச் சுற்றி நிறக் கரை இருந்ததைக் கண்டேன்தான், ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன். மூன்று கிழமை பில் எல்லாம் அதற்குள்தான் பதிந்தேன். பிறகு வட்டில் இடம் இல்லை என்று, பெட்டியைக் காலியாக்கும் 'ரீசெட்' அழுத்தினேன். மூன்று கிழமையும் போய்விட்டது. கடதாசிப் பில் இருந்ததால் நானும் மனைவியும் நான்கு இரவு இருந்து திரும்பப் பதிந்தோம். பெட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போட்ட அன்றைக்கே உங்கள் வேலைப் புரோகிராமை நம்பகமானது என்று குறித்து வையுங்கள், பிறகு ஒரு சின்ன பைலை எழுதி, கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டு, அது அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடியும்

கொட்டாஞ்சேனை ஐயா, வாசிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. சான்ட்பொக்ஸியில் பெட்டிக்குள் சேமித்ததை வெளியே எடுக்கட்டுமா என்று கேட்க வைக்கலாம், ஒரு குறிப்பிட்ட போல்டருக்கு மட்டும் நேரடியாக எழுதவும் விடலாம். ஆனால் உங்கள் கணக்கு மென்பொருளைப் பெட்டிக்கு வெளியே ஓட்டுவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வெளியார் பைல் மட்டும் பெட்டிக்குள் போகட்டும். ஞாயிறு பின்னேரம் கடையில் சனம் இருக்காது. லப்டொப்பைக் கொண்டு வாருங்கள், இருந்து செய்வோம். வரும்போது கணக்குப் பைலின் கொப்பி ஒன்றை வேறொரு டிரைவில் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.