பூட்டிக்கொண்டே போகும் போன்களுக்கு மாற்று உண்டா?

தேன்சிட்டு:
ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பை இறக்கிச் செயலி போடுவதற்கும் கடிவாளம் வந்தாயிற்று. செயலி எழுதியவர் தன் பெயர், அடையாளச் சான்று எல்லாம் கொடுத்துக் கூகுளிடம் பதிந்திருந்தால்தான், கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அது ஏறும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நான்கிலும் 2026 செப்டம்பரில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகள் என்பது அந்த அறிவிப்பு. ஆட்கள் சத்தம் போட்டதும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒரு வழி விடுகிறோம் என்று அதே 2025 நவம்பரில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அந்த வழியும் அவர்கள் கையில்தானே இருக்கிறது? கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-ட்ராய்டு, இது அப்படியே வந்தால் எங்கள் கதை முடிந்தது என்றே எழுதிவிட்டது. என்னைக் கேட்டால் இனி இயங்குதளத்தையே மாற்றுவதுதான் வழி.

கணக்குப்பிள்ளை:
எதற்கு மாற்றுவீர்கள்? ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் வந்த சுவடே இல்லை. உபுண்டு டச்சை 2017-ல் அதை உருவாக்கிய கெனானிக்கல் நிறுவனமே கைகழுவி, இப்போது யுபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் கட்டி இழுக்கிறார்கள். அவ்வளவு பணம் வைத்திருந்த மைக்ரோசாஃப்டே விண்டோஸ் போனை விட்டுவிட்டு ஓடியது. அப்புறம், கட்டுப்பாடு சும்மா வரவில்லை. 'உங்கள் கணக்கு முடங்கிவிட்டது, இந்தச் செயலியைப் போடுங்கள்' என்று லிங்க் வரும், போட்டவுடன் அது எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் வேறொருவன் கைக்குப் போகும். வயதானவர்கள் பணத்தைத் தொலைப்பது இப்படித்தான். உங்கள் சுதந்திரத்துக்காக அவர்கள் பலியாக வேண்டுமா?

தேன்சிட்டு:
மோசடிக்காரன் போலி அடையாளத்திலோ, யாருக்காவது காசு கொடுத்தோ பதிந்துகொள்வான். ப்ளே ஸ்டோருக்குள்ளேயே மோசடிச் செயலிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இணையத்திலிருந்து நேரடியாக இறக்குவதில் 50 மடங்குக்கு மேல் தீநிரல் (மால்வேர்) என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள், அந்தக் கணக்கைப் போட்டதும் கூகுள்தான். பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கிற ஆள், அடக்குமுறை உள்ள இடத்தில் செயலி எழுதுகிறவர், இவர்கள்தான் மாட்டுவார்கள்.

ஓட்டைப்போன்:
இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். மாற்று இயங்குதளம் இல்லாமல் இல்லை, இரண்டு வகை இருக்கிறது. ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலை எடுத்துக் கட்டுவது ஒன்று: லினியேஜ் ஓஎஸ், கிராஃபீன் ஓஎஸ், /இ/ஓஎஸ். பதிவுக் கட்டாயம் கூகுள் சான்று பெற்ற போன்களுக்குத்தான் என்பதால் இவற்றை அது தொடாது. இன்னொன்று உண்மையான லினக்ஸ்: போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் மாதிரி. இரண்டாவது வகையைத் தினசரி போனாக வைத்துக்கொள்ளச் சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். தூங்குகிற போனில் அழைப்பு வந்தால், மோடம் அதை எழுப்பி, திரை வந்து, மணி அடிப்பதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். கேமரா வேலை செய்யும் மாடல்களை விரல் விட்டு எண்ணலாம். சோம்பேறித்தனம் காரணமில்லை, சிப் தயாரிப்பவர்கள் வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரலைத் திறந்து தருவதில்லை. உபுண்டு டச்சும் பெரும்பாலான போன்களில் அடியில் அதே ஆண்ட்ராய்டு கெர்னலையும் (இயங்குதளத்தின் உள்மையம்) மூடிய டிரைவர்களையும் வைத்துத்தான் ஓடுகிறது.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

ஓட்டைப்போன்:
இல்லை. முதல் வகை நன்றாகவே ஓடுகிறது. கிராஃபீனை கூகுளின் பிக்சல் போனில் பிரவுசர் வழியாகவே ஏற்றலாம், ஏற்றிய பிறகு பூட்லோடரை, அதாவது போனைத் துவக்கும் நிரலை, திரும்பப் பூட்டலாம், யாராவது சிஸ்டத்தில் கை வைத்தால் போன் துவங்காது. கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் போனையே வாங்க வேண்டியிருப்பது கூத்துதான், ஆனால் புதிதாக ஏற்றிய சிஸ்டத்தின் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைப் போட்டுத் திரும்பப் பூட்ட விடும் போன்கள் சொற்பம். லினியேஜ் போட்டால் பெரும்பாலும் பூட்லோடர் திறந்தே கிடக்கும், போனைப் போடும்போதெல்லாம் எச்சரிக்கைத் திரை வந்து நிற்கும். அதனால் ரோம் (இப்படி மாற்றிப் போடும் சிஸ்டம்) எல்லாம் ஒன்று என்று யாரும் பேச வேண்டாம்.

அடைப்பு வேறு இடத்தில். என் வங்கிச் செயலி அதே பிக்சலில் முந்தின நாள் வரை ஓடியது, கிராஃபீன் போட்டதும் 'இந்தக் கருவி பாதுகாப்பானது அல்ல' என்று ஒரே ஒரு வரி காட்டி மூடிக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மாதம் தவறாமல் வாங்கும் போன் அது! போன் நம்பத்தக்கதா என்று செயலிகள் கூகுளிடம் கேட்கும் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையில் டிவைஸ் நிலையில் தேற கூகுள் சான்று வேண்டும். வருஷக் கணக்கில் திருத்தமே பார்க்காத பழைய போன் அதில் தேறிவிடும். இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வங்கி ஒவ்வொரு ரோமையும் தனித்தனியாக ஆராய்ந்துகொண்டிருக்குமா? பணம் போனால் கேஸ் வங்கி மேல்தான் வரும். தெரிந்த ஒரு முத்திரையை நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

ஓட்டைப்போன்:
ஆராய வேண்டாம். ஆண்ட்ராய்டிலேயே வன்பொருள் சான்று கேட்கும் வசதி இருக்கிறது, பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, எந்தச் சாவி கையெழுத்திட்ட சிஸ்டம் என்று சிப்பே சொல்லும். கிராஃபீன் தன் சாவிகளை வெளியிட்டு, செயலி எழுதுகிறவர்களுக்கு வழிமுறையும் எழுதி வைத்திருக்கிறது.

தேன்சிட்டு:
இதற்கும் ஆயுள் எவ்வளவு? 2025 மார்ச்சில் கூகுள்காரர்கள் ஆண்ட்ராய்டு வேலையை முழுக்க உள்ளே எடுத்துக்கொண்டார்கள், ஜூனில் ஆண்ட்ராய்டு 16-இன் மூல நிரல் வெளிவந்தபோது பிக்சலுக்கான டிவைஸ் ட்ரீ (அந்தப் போனின் வன்பொருளுக்கான அமைப்புக் கோப்புகள்) வரவில்லை, ரோம் கட்டுகிறவர்கள் அதைத் தாங்களே தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொருவர் தருகிற மூல நிரலை நம்பி நிற்கும் மாற்று, மாற்றா?

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன். ஓட்டைப்போன், வங்கி வேலைக்கு இப்போது என்ன செய்கிறீர்கள்?

ஓட்டைப்போன்:
பிரவுசரில் உள்ளே போகிறேன். பணம் அனுப்பும்போது மட்டும் செயலியில் ஒப்புதல் கொடு என்கிறது, அதற்காக மேசை இழுப்பறையில் ஒரு பழைய போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். சோதனையில் தேறுகிற போன் அதுதான், கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்று கேட்காதீர்கள். அந்த வழிமுறைப் பக்கத்தை இணைத்து வங்கிக்கு எழுதினேன், 'அதிகாரபூர்வ மென்பொருளைப் பயன்படுத்தவும்' என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இதே வரி வந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள், ஒரு ஆள் புகாரை யாரும் மேலே அனுப்புவதில்லை.