ஏழாம் மாதத்தில் ஒரு விழா: எழுபது பேரா, பன்னிரண்டு பேரா?

நிலாமுற்றம் (விவாதத்தைத் தொடங்கியவர்):
என் தங்கை முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கிறாள். இப்போது 30-ஆவது வாரம். இன்னும் இரண்டு வாரத்தில் அவளுக்குப் பேபி ஷவர் நடத்த நானும் அவளுடைய தோழிகளும் ஏற்பாடு செய்துவருகிறோம். இரு வீட்டு உறவினர், பள்ளித் தோழிகள், அலுவலக நண்பர்கள் என்று அழைப்புப் பட்டியல் எழுபதைத் தொட்டுவிட்டது. தங்கையின் கணவர் பன்னிரண்டு பேர் போதும் என்கிறார். அதையும் குழந்தை பிறந்த பிறகே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும். சுமந்தவளை நடுவில் உட்காரவைத்து, அவளுக்காகவே கூடி வாழ்த்துவதற்கு இந்தச் சில வாரங்களை விட்டால் வேறு நேரம் கிடையாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரையோரம்:
தங்கையின் கணவர் சொல்வதே சரி என்பேன். 28-ஆவது வாரத்தோடு கர்ப்பத்தின் கடைசிப் பகுதி தொடங்கிவிடுகிறது. மூச்சு வாங்குவதும் இடுப்பு வலிப்பதும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டியிருப்பதும் அந்த வாரங்களில் இயல்பு. என் அக்காவுக்கு இப்படித்தான் ஊரைக் கூட்டி விழா எடுத்தார்கள். மூன்று மணி நேரம் அலங்கரித்த நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர் ஒவ்வொருவரோடும் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாள். இரவு செருப்பைக் கழற்றியபோது அதன் வார் பதிந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது; சுற்றிலும் பாதம் புசுபுசுவென்று வீங்கியிருந்தது. அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எல்லாரும் போய்விட்டார்களா?" வாழ்த்துவதற்காக வருகிறவர்கள் அவளைக் களைப்படையச் செய்துவிட்டுப் போனால், அந்த வாழ்த்து யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

முதல்விதை:
கரையோரம் அவர்களின் அக்கா பட்ட சிரமத்துக்குக் காரணம் கூட்டமா, மூன்று மணி நேரமும் அந்த நாற்காலியுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள ஒரு சோபாவும், விரும்பியபோது போய்ப் படுக்க ஓர் அறையும் இருந்தால் அந்த வீக்கம் வந்திராது அல்லது குறைந்திருக்கும். நான் எந்த விழாவும் இல்லாமல் பிள்ளை பெற்றவள். சிக்கனம், அடக்கம் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். பிறந்த மூன்றாவது வாரத்தில், விடியற்காலை நான்கு மணிக்குக் குழந்தை அழ, நானும் அழ, யாரை அழைப்பது என்றே தெரியாமல் கைபேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். புதிதாகப் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலச் சிக்கலுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் கூச்சமில்லாமல் கூப்பிடக்கூடிய முகங்கள் முன்கூட்டியே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு இப்படியொரு விழா உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கரையோரம்:
உங்கள் வலியை மதிக்கிறேன், தோழி. ஆனால் கூட்டம் வேறு, துணை வேறு. அக்காவின் விழாவுக்கு ஏறக்குறைய எண்பது பேர் வந்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு துணி துவைத்துக் கொடுத்து, அவள் குளித்து வரும்வரை குழந்தையை வைத்திருந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரும் பன்னிரண்டு பேர் பட்டியலிலேயே இருந்திருப்பார்கள்.

முதல்விதை:
அந்த மூவரில் ஒருவராவது நீங்கள் எதிர்பார்க்காதவராக இருந்தாரா?

கரையோரம்:
ஒருவர் இருந்தார். அக்காவின் அலுவலகத்தில் அடுத்த மேசையில் வேலை பார்த்த பெண். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஒருவரைக் கண்டடைவதற்கு எழுபது பேரை அழைப்பது பொருத்தமான வழியாக எனக்குப் படவில்லை.

சிறுவிரல்:
பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன். எண்ணிக்கையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நாளைப் பற்றியும் பரிசுகளைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கிறது. ஆகவே விழா வைப்பதானால் 32-ஆவது வாரம் நல்ல தேர்வு. 36-க்குத் தள்ளிப்போட்டு, மருத்துவமனையிலிருந்து அழைப்பை ரத்து செய்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பரிசுகளில் அன்பு மிகுதியால் நேரும் பிழைகள் நிறைய. எல்லாரும் மிகச் சிறிய அளவுச் சட்டையையே வாங்குகிறார்கள், கையில் எடுத்தால் அவ்வளவு அழகாக இருப்பதால்! அது சில வாரங்களில் பற்றாமல் போய்விடும். ஆறு மாதம், ஒரு வயது அளவுகளில் வாங்குங்கள். தலையணை, கனத்த போர்வை, பொம்மை, தொட்டிலின் உட்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு ஆகிய எதுவும் குழந்தை தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. குழந்தையை மல்லாத்தி, சரிவில்லாத, அழுத்தமான படுக்கையில், வேறெதுவும் இல்லாமல் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவர் அமைப்புகள் வலியுறுத்துகின்றன. விழா மேசையில் மெத்தைத் தடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. விபத்தில் சிக்கிய காரின் குழந்தை இருக்கையை, பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும், யாருக்கும் கைமாற்றிக் கொடுக்காதீர்கள்.

பால்மாவுக் குப்பிகளும் அப்படித்தான். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற நெறிமுறை பால்மாவு உற்பத்தியாளர்களுக்குச் சொல்கிறது. மருத்துவக் காரணத்தால் பால்மாவு தேவைப்படும் தாய்மார் உண்டு, அவர்களைக் குறைசொல்லவில்லை. ஆனால் அதை மருத்துவரோடு கலந்து தாய் முடிவு செய்யட்டும். பரிசாக நாம் முந்திக்கொண்டு நீட்ட வேண்டாம்.

நிலாமுற்றம்:
மிக்க நன்றி. தொட்டிலுக்கான மெத்தைத் தடுப்பை நானே பட்டியலில் எழுதியிருந்தேன், இப்போதே நீக்குகிறேன்.

ஈரநிலம்:
இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு 31-ஆவது வாரத்தில் விழா நடந்தது. 33-ஆவது வாரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது பரிசுப் பொட்டலங்கள் ஓர் அறை நிறைய இருந்தன. பாதிக்குமேல் பிரிக்கவே இல்லை. ஒரு பையின் காதில் கட்டியிருந்த மஞ்சள் நாடா, மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு நான்கு மாதம் திறக்கவில்லை.

இதனால்தான் பிறந்த பிறகு கொண்டாடலாம் என்பவர்களின் அச்சத்தைத் தேவையற்றது என்று யாரும் ஒதுக்கிவிடாதீர்கள். நிலாமுற்றம் அவர்களே, உங்கள் தங்கையின் கணவர் எதைக் கண்டு தயங்குகிறார் என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். அவர் செலவையோ கூட்டத்தையோ காரணமாகச் சொன்னாலும், உள்ளே வேறொன்று இருக்கலாம்.

ஆனால் நான் அந்த விழாவுக்காக வருந்தவில்லை. என் மகள் உயிரோடு இருந்தபோது அவளுக்காக மக்கள் கூடிய ஒரே நாள் அது. அன்றைக்கு வந்தவர்கள் அவள் இருந்தாள் என்பதை அறிந்தவர்கள். பின்னால் நான் அவளைப் பற்றிப் பேசியபோது, அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே நீங்கள் நடத்துங்கள் என்றே சொல்வேன்.

கரையோரம்:
ஈரநிலம் அவர்களுக்கு என் ஆழ்ந்த வணக்கம். குழந்தை பிறந்த பிறகே விழா என்பதில் நான் காட்டிய உறுதி இப்போது எனக்கு இல்லை. எண்ணிக்கையில் மட்டும் மாறவில்லை: எழுபது மிகுதி.

நிலாமுற்றம்:
நேற்று இரவு தங்கையின் கணவரோடு பேசினேன். அவருடைய அம்மா ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவராம். கட்டித் தயாராக இருந்த தொட்டிலைச் சிறுவயதில் அவர் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் இதை அறியாமல் அவரைக் கஞ்சன் என்று மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். பரிசுகள் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளை பிறந்தபின் கொண்டுவருகிறேன் என்றேன், ஒத்துக்கொண்டார். தங்கைக்குத் தன் பள்ளித் தோழிகள் அத்தனை பேரும் வர வேண்டும்; விளையாட்டுப் போட்டிகளும், எல்லார் முன்னும் பரிசு பிரிப்பதும் மட்டும் வேண்டாமாம். நாற்பது பேர், ஒன்றரை மணி நேரம், சாய்வதற்குச் சோபா என்று முடிவாகியிருக்கிறது. கரையோரம் அவர்களுக்கு நாற்பதும் மிகுதியாகவே தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. அந்தத் தோழிகளில் ஒருத்திக்குச் சென்ற ஆண்டு கரு கலைந்துவிட்டது. அழைத்தாலும் வலிக்கும், அழைக்காவிட்டாலும் வலிக்கும். ஈரநிலம் அவர்களே, நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் எதை விரும்புவீர்கள்?

ஈரநிலம்:
அழையுங்கள். நான் வருந்துவேன் என்று எண்ணி என்னிடம் மறைத்த விழாக்களைப் பற்றிப் பிறர் பகிர்ந்த படங்களிலிருந்து தெரிந்துகொண்டபோதுதான் மிகுந்த வலி. எல்லாருக்கும் அனுப்பும் அழைப்பை அவளுக்கு அனுப்பாமல், உங்கள் தங்கையே தனியாக எழுதட்டும்: "நீ வந்தால் எனக்கு மகிழ்ச்சி. வர முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வந்து பத்து நிமிடத்தில் கிளம்பினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். விழா முடிந்து வேறொரு நாள் நாம் இருவர் மட்டும் சந்திக்கலாம் என்றாலும் சரி." வந்தால் வாசலுக்கு அருகே அவளுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்.