இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குத் தெர்மல் ஸ்கோப்: 384-50 மி.மீ. எடுப்பதா, 640-35 மி.மீ. எடுப்பதா?

பைன்காடு:
கிழக்கு டெக்சாஸ், ட்ரினிட்டி ஆற்றை ஒட்டிய மாட்டுப் பண்ணை. புல் வெட்டும் திறந்த வயல், சுற்றிலும் மரக்காடு. பன்றிக் கூட்டம் ராத்திரியில் இறங்கி வயலைக் கிளறிப் போட்டுவிடுகிறது. பண்ணைக்காரர் சுட அனுமதி கொடுத்துவிட்டார். துப்பாக்கி ஏ.ஆர்-15, தோட்டா .223. தூரம் 60 முதல் 180 யார்டு வரை. உடல் சூட்டை வைத்து இருட்டில் படம் காட்டும் தெர்மல் ஸ்கோப் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று 384x288 சென்சர், 50 மி.மீ. லென்ஸ். மற்றது 640x512 சென்சர், 35 மி.மீ. லென்ஸ். இரண்டிலும் பிக்சல் அளவு 12 மைக்ரான். முதலாவதுக்கு டிடெக்‌ஷன் ரேஞ்ச் அதிகம் என்று போட்டிருக்கிறது. எதை எடுக்கலாம்? பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கும் அப்படித்தானா?

லென்ஸ்கணக்கு:
640 என்றாலே படம் தெளிவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பன்றியின் மேல் எத்தனை பிக்சல் விழும் என்பதை முடிவு செய்வது லென்ஸின் மி.மீ.யும் பிக்சல் அளவும்தான். 12 மைக்ரானை 35 மி.மீ.ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் பார்க்கும் கோணம் கிடைக்கும்: 0.34 மில்லிரேடியன். 150 யார்டில் ஒரு பிக்சல் சுமார் 4.7 செ.மீ. பிடிக்கும். 65 செ.மீ. உயரப் பன்றிக்கு 14 பிக்சல். 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 3.3 செ.மீ.தான், அதே பன்றிக்கு 20 பிக்சல். ஆக, தூரத்தில் நிற்கிற ஒற்றைப் பன்றியை 384-50 நன்றாகவே காட்டும்.

ஆனால் அகலத்தைப் பாருங்கள். 100 யார்டில் 640-35க்கு 22 யார்டு அகலம் தெரியும். 384-50க்கு 9 யார்டு. 60 யார்டில் அது ஐந்தரை யார்டாகச் சுருங்கிவிடும். முதல் வெடி வெடித்ததும் கூட்டம் நாலா பக்கமும் சிதறும். அந்த ஜன்னலுக்குள் அடுத்த பன்றியைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் காட்டுக்குள் போயிருக்கும். உங்கள் தூரத்துக்கு 640-35தான். 200 யார்டுக்கு மேல் குள்ளநரி மாதிரி சின்ன உருவத்துக்குத்தான் 50 மி.மீ. வேண்டும்.

டிடெக்‌ஷன் ரேஞ்சை நம்பி வாங்காதீர்கள். 1.8 மீட்டர் உயர மனித உருவத்தை வைத்துப் போடும் கணக்கு அது. இரண்டு மூன்று பிக்சலில் 'ஏதோ சூடாக இருக்கிறது' என்று தெரிகிற தூரம். பன்றியா கன்றுக்குட்டியா என்று சொல்ல அதற்குப் பல மடங்கு பிக்சல் வேண்டும். டிஜிட்டல் ஜூமும் புதிதாக எதையும் காட்டாது. 2 மடங்கு போட்டால் 640 சென்சர் 320 ஆகிவிடும், அவ்வளவுதான்.

ஈரக்காற்று:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஸ்பெக்கில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: என்.இ.டி.டி. எவ்வளவு சின்ன வெப்ப வித்தியாசத்தை சென்சர் பிரித்தறியும் என்பதை மில்லிகெல்வினில் சொல்வது. அந்தப் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். மூடுபனி இறங்கினாலோ மழை பெய்து எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்தாலோ 40 மில்லிகெல்வின் சென்சரில் பின்னணி சாம்பலாகக் குழம்பிவிடும். பன்றி தெரியும், ஆனால் அதன் பின்னால் வேலியா, கொட்டகையா, பள்ளமா என்று தெரியாது. குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் சுடக்கூடாது. 25 அல்லது அதற்குக் கீழே எடுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று. ஸ்கோப்பை வைத்துக்கொண்டு வயலைத் துழாவாதீர்கள். பார்க்கிற எல்லாவற்றின் மேலும் குழலை நீட்டுகிறீர்கள், அதில் பண்ணைக்காரரும் இருக்கலாம். 256x192 சென்சர் உள்ள கை மோனோகுலர் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தெர்மல் கருவி) ஒன்று தனியாக இருக்கட்டும். பட்ஜெட் இடித்தால் 640ஐ விட்டு 384-35 ஸ்கோப்பும் மோனோகுலரும் எடுப்பது என் கணக்கில் நல்ல முடிவு. அகலம் 100 யார்டில் 13 யார்டு, சமாளிக்கலாம்.

அடையாளம்: பன்றிக்குக் கழுத்தே தெரியாது, தலை தாழ்ந்து ஆப்பு வடிவில் இருக்கும், முதுகு முன்பக்கம் உயர்ந்திருக்கும். மானுக்கு மெல்லிய கால், தலையை அடிக்கடி தூக்கும். கன்று படுத்திருந்தால் குழப்பும். அது எழுந்து நடக்கும்வரை விரல் ட்ரிக்கருக்குப் போகக்கூடாது. முள்கம்பியும் உலர்ந்த சுள்ளியும் தெர்மலில் தெரியாமலே போகலாம், .223 குண்டு அதில் பட்டுத் திசை மாறும். தூரமும் கண்ணுக்குப் பிடிபடாது. லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளே இருந்தால் நல்லது, இல்லையென்றால் பகலிலேயே வேலிக்கம்பங்களுக்கு அளந்து வையுங்கள்.

ஜீரோமுருகு:
வாங்கினதும் எல்லாரும் மாட்டிக்கிறது ஜீரோ பண்றதுலதான், அதாவது குறிப்புள்ளியும் குண்டு படுற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி ஸ்கோப்பைத் திருத்துறதுல. காகித டார்கெட்ல அச்சடிச்ச குறி தெர்மல்ல சரியா தெரியாது. அட்டையில 2 அங்குலச் சதுரமா அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டி, அட்டையைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு வைங்க. ஃபாயில் மேல இருக்கிற குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கும், சூடான பொருளை வெள்ளையா காட்டுற மோடுல அது கறுப்பா பளிச்சுனு தெரியும். மேகம் மூடியிருந்தா இந்த வித்தை எடுபடாது. அப்போ அட்டையில 1 அங்குல ஓட்டை போட்டு, பின்னால கொஞ்சம் இடைவெளி விட்டு, கை சூடேத்துற பாக்கெட்டைக் கட்டுங்க. ஒட்டி வெச்சா அட்டையே சூடேறி நடுப்புள்ளி எங்கேன்னு தெரியாது.

வரிசை முக்கியம். முதல்ல கண் பக்க டயாப்டரை (உங்க பார்வைக்கு ஏத்த மாதிரி திருத்துற வளையம்) திருப்பி திரையில உள்ள எழுத்து கூர்மையாகணும். அப்புறம்தான் முன் லென்ஸ் ஃபோகஸ். மாத்திப் பண்ணினா ஸ்கோப்பே சரியில்லைன்னு தோணும். 50 யார்டுல மூணு குண்டு, நடுப்புள்ளிக்குத் திருத்தம், மறுபடி மூணு. .223க்கு 50ல ஜீரோ பண்ணினா சுமார் 200ல மறுபடி அதே கோட்டுக்கு வரும், நடுவுல ஒன்றரை ரெண்டு அங்குலம் மேல போகும். உங்க தூரத்துக்கு அப்படியே நடுவுல வெச்சு சுடலாம். 25 யார்டுக்குள்ள வந்துட்டா குண்டு குறிக்குக் கீழ விழும், ஏன்னா ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேல இருக்கு.

சுடறதுக்கு முன்னாடி கையாலயே கேலிபரேஷன் (ஷட்டரை ஒரு கணம் மூடி சென்சரைச் சீராக்குறது) போட்டுடுங்க. தானியங்கியா விட்டா, ட்ரிக்கரை அமுக்குற நேரம் பார்த்து ஷட்டர் மூடிப் படம் உறைஞ்சு நிக்கும்.

சட்டம்தெரிந்தவர்:
கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் ஆபத்தானது. 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியுடன் காட்டுப்பன்றி சுட மாநில லைசென்ஸ் தேவையில்லை. அது மாநிலச் சட்டம். கூட்டாட்சிச் சட்டம் வேறு: ஹெச்-1பி உட்பட நான்-இமிக்ரண்ட் (தற்காலிக) விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். விதிவிலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. பன்றிக்கு வேண்டாம் என்றாலும் உங்களுக்கு வேண்டும். டெக்சாஸ் ஆண்டு லைசென்ஸ் ஆகஸ்ட் 31இல் முடியும். செப்டம்பர் 1இல் புதுப்பிக்காமல் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருந்தாலும் சிக்கல்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். உங்கள் நிலைமையை ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஸ்கோப்பைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள், உரிமம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

பைன்காடு:
மிக்க நன்றி. 384-35, கூடவே மோனோகுலர் என்று முடிவு செய்கிறேன். லைசென்ஸ் முதலில். ஒரே ஒரு சந்தேகம்: வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக மோனோகுலரில் பார்க்கலாமா?

லென்ஸ்கணக்கு:
முடியாது. தெர்மல் பிடிக்கிற 8-14 மைக்ரான் அலைநீளத்துக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி. அதனால்தான் முன் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். கண்ணாடியைக் கீழே இறக்கித்தான் பார்க்க வேண்டும். ஏசி வண்டியிலிருந்து ஈரக்காற்றுக்கு நீட்டினதும் லென்ஸில் ஆவி படியும். துடைக்காமல் ஐந்து பத்து நிமிடம் விடுங்கள், தானே போய்விடும். தூசியோடு துடைத்தால் பூச்சில் கீறல் விழும்.