அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை கடலூரிலா? கண்காட்சிப் பலகையில் எப்படி எழுதுவது?

கெடிலக்கரை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பலகை தயார் செய்கிறார்கள். அளவு 4 அடிக்கு 3 அடி. தலைப்பு ‘நம்ம ஊரும் அமெரிக்காவும்’. அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை 1783-இல் கடலூரில் நடந்தது என்று இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது. அதை அப்படியே எழுதலாமா? அமெரிக்கர்கள் இங்கே வந்து சண்டை போட்டார்களா? சண்டை நடந்த இடம் தேவனாம்பட்டினம் கோட்டைதானா? இன்னொரு குழப்பமும் உண்டு. சமாதானம் 1783 ஜனவரி என்கிறார்கள், சண்டை ஜூன் என்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? நடுவர்கள் வரலாற்றுக்காரர்கள், ஆண்டும் எண்ணும் பிசகக் கூடாது.

உப்பனாறு:

டீச்சர், அந்த வாக்கியம் பாதி சரி. எந்தப் போரின் கடைசிச் சண்டை என்று சொல்லிவிட்டால் முழுசும் சரியாகிவிடும்.

அமெரிக்க மண்ணில் நடந்த பெரிய சண்டைகள் 1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்ததோடு முடிந்துவிட்டன. (நிரந்தர நிலவரித் திட்டப் பாடத்தில் வரும் அதே கார்ன்வாலிஸ்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.) ஆனால் 1778 பிப்ரவரி 6-இல் பிரான்ஸ் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்தபோதே சண்டை அமெரிக்காவைத் தாண்டிவிட்டது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் எங்கெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்களோ அங்கெல்லாம் மோதினார்கள். அந்த ஆண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தார்கள். 1779-இல் மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த மாகேயையும் பிடித்தார்கள். மாகே துறைமுகம் வழியாகத்தான் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் 1780-இல் கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காடு நவாபின் நாடு) படையோடு இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைக் கைப்பற்றின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடலூர் என்றால் ஆங்கிலேயர் ஊர், புதுச்சேரி என்றால் பிரெஞ்சு ஊர் என்று மனதில் பதிந்திருப்பதால், படம் வரையும்போது எல்லோரும் தலைகீழாக வரைந்துவிடுவார்கள். 1783-இல் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், தளபதி புஸ்ஸி. வெளியே நின்று முற்றுகையிட்டவர்கள் ஆங்கிலேயர்கள், தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அமெரிக்கப் படை எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை.

இடத்திலும் தவறு நடக்கிறது. 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை கெடிலத்துக்கு வடக்கே, தேவனாம்பட்டினத்தில் இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். 1783-இல் முற்றுகைக்கு உள்ளானது கெடிலத்துக்குத் தெற்கே மதில் சூழ்ந்திருந்த ஊர், அதாவது இன்று நாம் ஓ.டி. (ஓல்ட் டவுன், பழைய ஊர்) என்று சொல்லும் பகுதி. ஸ்டூவர்ட் மதராசிலிருந்து தெற்கே வந்தாலும் ஊரைச் சுற்றிக்கொண்டு போய் அதன் தென்பக்கத்தில்தான் பாளையம் இறங்கினார், ஜூன் 7-இல். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வண்டிப்பாளையத்துக் குன்றுகள், இன்றைய கேப்பர் மலைப் பக்கம். கடலை விட்டு அவர் விலக முடியாது. அரிசியும் வெடிமருந்தும் கப்பலில் வந்து கரையில் இறங்கவேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால்தான் ஜூன் 20-இல் நடந்த கடற்சண்டை ஏன் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று விளங்கும்.

ஜூன் 13-இல் ஸ்டூவர்ட் வெளி அரண்களைத் தாக்கினார். அரண்கள் கைக்கு வந்தன, ஆனால் ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்தை ஒட்டி. அன்று இரவு புஸ்ஸி ஊருக்குள் பின்வாங்கிக்கொண்டார்.

தேதிக் குழப்பத்துக்கு விடை எளிது. பிரிட்டனும் பிரான்ஸும் முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. சேதி கடலூருக்கு வந்தது ஜூன் 29, மெடியா என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடியோடு கொண்டுவந்தது. ஐந்து மாதத்துக்கும் மேல். இரண்டு தேதியும் சரிதான். பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், நடுவில் ‘சேதி வரும் வழியில்’ என்று எழுதி அந்த இடைவெளியில் ஜூன் 13, 20, 25 மூன்றையும் குறியுங்கள். பலகையில் பார்ப்பவர் நிற்கப்போகும் இடம் அதுதான்.

சுஃப்ரென் வீதி முனை:

கடற்சண்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை உப்பனாறு சரியாகவே சொல்லிவிட்டார்.

ஜூன் 20. ஆங்கிலேயருக்கு எட்வர்ட் ஹியூஸ் தலைமையில் 18 போர்க்கப்பல், பிரெஞ்சுக்காரருக்கு சுஃப்ரென் தலைமையில் 15. சுஃப்ரெனுக்குக் கப்பலும் குறைவு, ஆளும் குறைவு. பீரங்கி இழுக்கவே ஆள் போதாமல் புஸ்ஸியிடமிருந்து சுமார் 1,200 பேரைக் கடனாக வாங்கிக் கப்பலேற்றினார். முற்றுகையில் இருக்கும் ஒரு தளபதி தன் ஆட்களைக் கடலுக்குக் கொடுப்பது பெரிய துணிச்சல். ஹியூஸ் போய்விட்டால் ஸ்டூவர்ட்டுக்குச் சோறு நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் தொடங்கி ஏழு மணி வரை சுட்டுக்கொண்டார்கள். ஆங்கிலேயரில் 99 பேர் இறந்தார்கள், 431 பேருக்குக் காயம். பிரெஞ்சுக்காரரில் 102 பேர் இறந்தார்கள், 386 பேருக்குக் காயம். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஆகவே பிள்ளைகள் தீப்பிடித்து முழுகும் கப்பல் வரைந்தால் திருத்துங்கள். இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசையில் போகிற மாதிரி வரையவேண்டும். கரைப்பக்கம், அதாவது மேற்கே, பிரெஞ்சு வரிசை. கடல்பக்கம் ஆங்கில வரிசை. காற்று மேற்கிலிருந்து.

எண்ணைப் பார்த்தால் சமன். ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, மாலுமிகள் ஸ்கர்வி நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். சண்டைக்குப் பின் அவர் மதராசுக்குத் திரும்பிவிட்டார். சுஃப்ரென் கடலூர் முன்னால் நங்கூரமிட்டு, வாங்கிய ஆட்களைத் திருப்பிக் கொடுத்ததோடு தன் மாலுமிகளையும் சேர்த்து இறக்கினார். முற்றுகையிட வந்த ஸ்டூவர்ட் இப்போது தானே மாட்டிக்கொண்டார். மெடியா இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் ஆங்கிலப் படையின் நிலை மிக மோசமாகியிருக்கும் என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவோடு நேரடியாக இணைக்கும் நூல் ஒன்று வேண்டுமென்றால் இதோ. 1781 செப்டம்பரில் செசபீக் விரிகுடா வாயிலை அடைத்து, கார்ன்வாலிஸுக்கு உதவி வராமல் தடுத்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ். யார்க்டவுன் வெற்றிக்கு அவர் பங்கு மிகப் பெரிது. அடுத்த ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த சண்டையில் அவர் தன் கொடிக்கப்பலோடு சேர்த்துச் சிறைபிடிக்கப்பட்டார். இனித் தளபதிகள் பெரிய போர்க்கப்பலில் வரிசைக்குள் நிற்கக் கூடாது, சிறு கப்பலில் ஏறி வெளியே நின்று நடத்தவேண்டும் என்று பிரெஞ்சு அரசர் உத்தரவிட்டார். கடலூர்ச் சண்டையை சுஃப்ரென் கிளியோபாட்ர் என்ற சிறு போர்க்கப்பலில் நின்றுதான் நடத்தினார். அமெரிக்கப் போரில் பட்ட அடியால் பிறந்த உத்தரவு நம் கரைக்கு முன்னால் கடைப்பிடிக்கப்பட்டது. நடுவர்கள் இதைக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு.

கெடிலக்கரை டீச்சர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு பிள்ளை ‘கடலூரால்தான் அமெரிக்கா பிறந்தது’ என்று பெரிய எழுத்தில் போடலாமா என்று கேட்கிறாள். ஆசையாகக் கேட்கிறாள். போடலாமா?

பாகூர் ஏரிக்கரை:

வேண்டாம் டீச்சர். அம்புக்குறி எதிர்ப்பக்கம் போகிறது. 1782 நவம்பர் 30-இலேயே பிரிட்டன் அமெரிக்கரோடு முதற்கட்ட ஒப்பந்தம் போட்டுவிட்டது. கடலூரில் யார் ஜெயித்திருந்தாலும் அது மாறியிருக்காது. அமெரிக்கா பிறந்ததன் விலையில் ஒரு பங்கைக் கடலூர் கொடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் ஏமாற்றமாக இருக்காது.

அந்த விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதும் பலகையில் வரவேண்டும். இதுவரை வந்த பெயரெல்லாம் தளபதிகள் பெயர். ஸ்டூவர்ட்டின் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸோடு கடலோரமாக நடந்தே மதராசுக்கு வந்த சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். ஜூன் 25-இல் புஸ்ஸியின் ஆட்கள் மதிலை விட்டு வெளியேறித் தாக்கியபோது, அந்த வங்காளச் சிப்பாய்கள் பிரெஞ்சுப் படையோடு துப்பாக்கிமுனைக் கத்தியால் நேருக்கு நேர் மோதித் துரத்தினார்கள். ஜெர்மனியின் ஹானோவர் நாட்டுப் படைப்பிரிவுகளும் ஸ்டூவர்ட்டோடு இருந்தன, ஏனென்றால் பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஹானோவருக்கும் ஆட்சியாளர். வங்காளத்தாரும் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்க்காரரும் ஓ.டி. மண்ணில் செத்திருக்கிறார்கள். ஊர் மக்களைப் பொறுத்தவரை 1780 முதலே படைகள் மாறி மாறி வயலை மிதித்தன, 1782-இல் மதராசில் பஞ்சம்.

மைசூரை விட்டுவிடாதீர்கள். ஹைதர் 1782 டிசம்பர் 7-இல் சித்தூர் பக்கம் இறந்தார். திப்பு மேற்குக் கரைக்குப் போய்விட்டார். சமாதானச் சேதி வந்ததும் பிரெஞ்சுக்காரர் சண்டையை நிறுத்திக்கொண்டார்கள், மங்களூர் முற்றுகையில் திப்புவோடு இருந்த பிரெஞ்சுப் பிரிவும் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் திப்புவுக்கும் கம்பெனிக்கும் போர் 1784 மார்ச் 11 மங்களூர் உடன்படிக்கை வரை ஓடியது. அதனால் ‘இத்தோடு இந்தியாவில் போர் முடிந்தது’ என்று எழுதினால் தவறு.

பலகையின் நடுவில் இப்படி எழுதலாம்:

‘அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரான்ஸ் சேர்ந்ததால் அந்தப் போர் இந்தியாவுக்கும் வந்தது. அந்தப் போரில் பிரிட்டனும் பிரான்ஸும் மோதிய கடைசிப் பெருஞ்சண்டை 1783 ஜூனில் கடலூரில் நடந்தது. சமாதானம் ஐந்து மாதம் முன்பே கையெழுத்தாகியிருந்தது. சேதி ஜூன் 29-இல்தான் வந்தது.’

உப்பனாறு:

இந்த வாசகத்துக்கு நானும் கைதூக்குகிறேன். இரண்டு சின்ன விஷயம் மட்டும்.

தலைப்பு ‘நம்ம ஊரும் அமெரிக்காவும்’ என்பதால் யாராவது எலிஹு யேலையும் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்கலாம். பாஸ்டனில் 1649-இல் பிறந்தவர், செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி வாங்கியபோது மதராஸ் கவர்னர். பின்னால் 1718-இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்று வந்த சுமார் 560 பவுன் பணத்தால்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பொதியில் இருந்தது கடலூர்த் துணி என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. இடம் குறைவு என்றால் யேலை விட்டுவிட்டு 1783-க்கே முழுப் பலகையையும் கொடுங்கள்.

இன்னொன்று உலகப்படம். பிரான்சிலிருந்து கடலூருக்குக் கப்பல் வழியை நூல் ஒட்டிக் காட்டுவதாக இருந்தால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மொரீஷியஸைத் தொட்டு வரவேண்டும். சுஃப்ரென் வந்த வழி அதுதான். சூயஸ் வழியாக நூலை இழுத்துவிடப் போகிறார்கள், அந்தக் கால்வாய் 1869-இல்தான் திறந்தது. சுவர்ப்படம் ஒட்டினால் 4 அடிப் பலகையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும், ஏ3 தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.